ஸ்கூல் திறக்குற வாரமும் பேந்து நின்ன அடுப்படி சீலிங்கும்: கொத்தனார் வர்றதுக்குள்ள நாங்க பாத்த வேலை

வைகாசி, ஆனி ரெண்டு மாசமும் மதுரைல கொத்தனார் கைக்கு சிக்க மாட்டாங்க. ஆடி பிறக்குறதுக்குள்ள கிரகப்பிரவேசம் வச்சிரணும்னு பாதி வேலைல நிக்கிற வீட்டுக்காரங்க எல்லாம் ஆளைப் பிடிச்சு வச்சுக்கிருவாங்க, இதுல அடுப்படி சீலிங்ல ஒரு ஓரம் பேந்துருச்சுன்னு நம்ம போன் பண்ணா "சின்ன வேலை தானம்மா, பாப்போம்"னு சொல்லிட்டு வச்சிருவாங்க. எங்களுக்கு அமைஞ்ச அண்ணன் அப்படி இல்ல, நேர்ல வந்து பாத்துட்டு நேராவே சொல்லிட்டாரு. "திருப்பரங்குன்றத்துல விசாகம் முடியட்டும்மா, நான் பால்குடம் எடுக்குறேன், முடிச்சுட்டு மறுநாள் வந்து நிக்கிறேன், அதுவரைக்கும் பிள்ளைகளை அதுக்குக் கீழ நிக்க விடாதீங்க." அவர் சொன்ன அந்த இடைவெளில தான் ஸ்கூல் திறப்பும் வந்துச்சு. 2023-லயும் 2024-லயும் வெயிலுக்காகத் தள்ளி வச்சு ஜூன் ரெண்டாவது வாரத்துலதான் திறந்தாங்க, 2025-ல தள்ளல, சொன்ன மாதிரி ஜூன் 2 திங்கக்கிழமையே திறந்துட்டாங்க.

எங்க வீடு பசுமலைப் பக்கம், மாமா இருந்தப்ப கட்டுனது, மேல தட்டோடு பதிச்ச மொட்டைமாடி. வீட்ல நாங்க ரெண்டு பேரு, அத்தை, பத்தாப்பு போற மகன், மூணாப்பு போற மக. கொத்தனார் வர்ற வரைக்கும் சும்மா உக்காந்து காத்திருக்கணுமா, இல்ல அவர் வந்ததும் நேரா வேலைல எறங்குற மாதிரி நம்ம செய்யக்கூடியதை செஞ்சு வைக்கலாமாங்கிறதுதான் விசயம். நாங்க ரெண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம், அதை எழுதி வச்சா இதே மாதிரி நெலமைல இருக்க யாருக்காவது உதவும்னுதான் எழுதுறேன்.

மொதல்ல கரண்டு. சீலிங்ல ஓதம் ஏறுனா எல்லாரும் பூச்சைத்தான் பாக்குறோம், அந்த ஓதம் போற வழியில லைட்டுக்குப் போற பைப்பும் இருக்கு, ஃபேன் ஹூக்கும் இருக்கு. எங்க அடுப்படி லைட்டோட ரோஸ்ல, அதாவது சீலிங்ல ஒயர் சேர்ற வட்ட மூடில, லேசா ஈரம் தெரிஞ்ச உடனே கரண்டுப் பெட்டில அந்த லைனுக்குன்னு இருக்க சுவிட்சை, எம்சிபியை எறக்கிவிட்டு மேல டேப் ஒட்டி "போடக்கூடாது"ன்னு மகனை எழுத வச்சேன். கரண்டு கசிஞ்சா தானா விழுற சுவிட்ச், ஆர்சிசிபி இருக்க வீடா இருந்தா அதுல டெஸ்ட் பட்டனை ஒருவாட்டி அமுக்கிப் பாத்துருங்க, அமுக்குன உடனே விழணும், விழலைன்னா அது சும்மா பேருக்கு இருக்குன்னு அர்த்தம். வீட்டுக்குப் போடுறது 30 மில்லி ஆம்பியர், மனுசன் மேல கரண்டு பாஞ்சா கண்ணிமைக்கிற நேரத்துல அறுத்துவிட அதுதான் இருக்கு. பக்கத்து ரூம்ல பிள்ளைக படிக்கிற எடத்து ஃபேனையும் எலக்ட்ரீசியன் தம்பியை கூப்ட்டு கழட்டி வச்சிட்டோம், ஏன்னா ஓதத்தோட கோடு அந்த ஹூக்கு வரைக்கும் நீண்டுருந்துச்சு. ஹூக்கு துரு பிடிச்சு எப்ப விடும்னு யாரும் சொல்ல முடியாது. ஜூன் மாசத்துல ஃபேன் இல்லாம பிள்ளைக படுறது கஷ்டம்தான், டேபிள் ஃபேனை வச்சு சமாளிச்சாங்க.

அடுத்தது தட்டிப் பாக்குறது. எங்க வீட்டுக்காரரு பைக் ஹெல்மெட்டைப் போட்டுக்கிட்டு, மூக்குல துண்டைக் கட்டிக்கிட்டு, கண்ணாடியும் மாட்டிக்கிட்டு, ஒட்டடைக் கம்பை எடுத்து சீலிங்கை ஒரு ஓரத்துல இருந்து தட்டிக்கிட்டே வந்தாரு. நல்லா இருக்க எடம் கெட்டியா "டங்கு"ன்னு பதில் சொல்லும், உள்ள விட்டுப்போன எடம் "டொப்பு டொப்பு"ன்னு வெத்தா கேக்கும். சத்தம் மாறுற எடத்துல எல்லாம் நான் ஸ்டூல்ல ஏறி சாக்பீஸ்ல கோடு போட்டேன். கண்ணுக்குத் தெரிஞ்ச ஓட்டை ஒரு தட்டு அளவுதான், சத்தத்தை வச்சுப் போட்ட கோடு அடுப்பு மேடை முழுக்க வந்து ஜன்னல் வரைக்கும் போயிருச்சு. இது கொத்தனார் வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சது பெரிய விசயம், இல்லைன்னா ஒரு தட்டு அளவுக்கு சிமெண்டு வாங்கி வச்சுட்டு நடு வேலைல கடைக்கு ஓடணும்.

ரொம்ப தொங்கிக்கிட்டு இருந்த பூச்சை அப்பவே தட்டி விட்டுட்டோம். கீழ சாக்கு விரிச்சு, மேல கொஞ்சம் தண்ணி தெளிச்சு, பிள்ளைகளை அத்தையோட கோயிலுக்கு அனுப்பி விட்டுட்டு. விழுந்ததுக்கு அப்புறம் உள்ள பாத்தா கம்பி, அதை நகத்தால சுரண்டுனா பழைய கருவேல மரத்துப் பட்டை மாதிரி அடுக்கடுக்கா உரிஞ்சு கையோட வருது. இதுதான் சீலிங் பேந்ததுக்குக் காரணமே. இரும்பு துருவா மாறும்போது இருந்த அளவைவிட பல மடங்கு பெருசாகும், அது பெருக்குறதுக்கு உள்ள எடம் ஏது, அதனால கீழ இருக்க கான்கிரீட்டை நெம்பித் தள்ளிருது. ஆக பூச்சு பழசாகி விழுந்துச்சுன்னு நெனைக்கிறது தப்பு, தண்ணி போயி கம்பியைத் தொட்டதுதான் ஆரம்பம். அந்தக் காலத்து வீடுகள்ல கம்பிக்குக் கீழ கான்கிரீட் கனம் ரொம்பக் கம்மியா விட்டுருப்பாங்க, சிலாப்புக்கு 20 மில்லியாவது இருக்கணும்னு கணக்கு, எங்க வீட்ல சில எடத்துல பூச்சைத் தவிர ஒண்ணுமே இல்ல.

இந்த எடத்துல ஒண்ணு அழுத்திச் சொல்லிருறேன். மேல அடைக்காம கீழ பூசக்கூடாது. எங்களுக்கு மொதல்ல ஒருத்தரு வந்து பாத்தாரு, "ரெண்டு மணி நேர வேலைக்கா, நாளைக்கே பூசிவிட்டு வெள்ளையடிச்சுத் தர்றேன்"னாரு. ஸ்கூல் திறக்குற அவசரத்துல அதுக்கு தலையாட்டத்தான் தோணும், அத்தை கூட "பூசிரச் சொல்லும்மா, பிள்ளைக நிம்மதியா இருக்கும்"னாங்க. நான் வேணாம்னுட்டேன். தண்ணி மேல இருந்து வந்துக்கிட்டே இருக்கும்போது கீழ சிமெண்டைப் பூசி மூடுனா தண்ணி வெளிய வர வழியில்லாம கம்பியோடவே கெடக்கும், அடுத்த மழைல புதுப் பூச்சு பழைய பூச்சையும் இழுத்துக்கிட்டு மொத்தமா வரும், அப்ப கீழ யாரு நிக்கிறாங்கங்கிறது நம்ம கையில இல்ல.

சரி தண்ணி எங்கிருந்து வருது? இதைக் கண்டுபிடிக்கத்தான் காத்திருந்த வாரம் முழுக்க உபயோகமாச்சு. மழை பேஞ்சாதான் ஈரம் கூடுதா, மழையே இல்லாம எப்பவும் ஈரமா இருக்கான்னு பிரிச்சுக்கணும். எப்பவும் ஈரம்னா பைப்பு, பாத்ரூம், இல்ல மேல இருக்க டேங்க்கு. மழைக்கு அப்புறம் மட்டும்னா மொட்டைமாடி. எங்க மக இந்த வேலையை தானா எடுத்துக்கிட்டா. பக்கத்து ரூம் சுவத்துல ஓதத்தோட ஓரத்துல பென்சில்ல கோடு இழுத்து பக்கத்துல தேதியும் போட்டா, "அம்மா இன்னைக்கு கோட்டைத் தாண்டல", "இன்னைக்கும் தாண்டல"ன்னு ஸ்கூல் விட்டு வந்ததும் பையைக் கூட எறக்காம போயி பாத்துச் சொல்லுவா. டேங்க்கு ரொம்பி வழிஞ்ச அன்னைக்கும் தாண்டல. ஆக டேங்க்கும் இல்ல பைப்பும் இல்ல, மே மாசம் பேஞ்ச கோடை மழைல எறங்குன தண்ணிதான் இது.

மாடில எந்த எடம்னு பாக்க தண்ணி கட்டிப் பாத்தோம். மொத்த மாடிலயும் கட்டக்கூடாது, பாரமும் ஜாஸ்தி, எங்க எறங்குதுன்னும் தெரியாது. களிமண்ணைப் பெசஞ்சு சின்ன வரப்பு போட்டு, வாட்டம் எங்க முடியுதோ அந்தப் பள்ளமான பக்கத்துல இருந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு பாத்தியா மேல ஏறணும், ஏன்னா மேட்டுல மொதல்ல கட்டுனா அந்தத் தண்ணி பள்ளத்துக்கு ஓடி ரெண்டையும் கலந்துவிட்டுரும். ஒரு பாத்தில ரெண்டு விரக்கட தண்ணி நிறுத்தி ஒரு நாள் முழுக்க விட்டுப் பாக்கணும். சீலிங் ஏற்கனவே பேந்துருக்கதால கொஞ்சமாத்தான் நிறுத்துனோம், அடுப்படிக்குள்ள யாரும் போகல, கதவைச் சாத்தி ஜன்னல் வழியா டார்ச் அடிச்சுத்தான் பாத்தோம். மழைத்தண்ணி எறங்குற பைப்பு வாய்க்குப் பக்கத்துல கட்டுன அன்னைக்கு சாயங்காலமே சீலிங்ல முத்து முத்தா தண்ணி கோத்துருச்சு.

மாடிக்குப் போயி அந்த மூலையை உக்காந்து பாத்தா எல்லாம் தெளிவா தெரியுது. கைப்பிடிச் சுவரும் தரையும் சேர்ற எடத்துல விரிசல், அதுக்குள்ள இருந்து ஒரு அரசங்கன்னு எட்டிப் பாக்குது, இலை நாலஞ்சுதான், ஆனா வேரு தட்டோட்டுக்கு அடியில எம்புட்டு தூரம் போயிருக்குன்னு யாருக்குத் தெரியும். காக்கா போட்ட எச்சத்துல இருந்து மொளைக்கிறது இது, மதுரைல எந்தத் தெருவுல நின்னு மேல பாத்தாலும் ஒரு வீட்டுல இருக்கும். மேல வெட்டி விட்டா திரும்பவும் துளுக்கும், விரிசலைக் கொத்தித் திறந்து வேரோட எடுத்தாத்தான் போகும். அதைக் கொத்தனாருக்குன்னு விட்டுட்டோம், நம்ம இழுத்தா பாதி அறுந்து உள்ளயே நிக்கும். தட்டோடு இடுக்குல எல்லாம் பழைய சாந்து பொடிஞ்சு போயி மண்ணுதான் நிக்குது.

தட்டோட்டுக்கு அடியில எங்க மாடில இருக்கது செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். அந்தக் காலத்துல சுண்ணாம்பை நாள்கணக்குல புளிக்க வச்சு கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் சேர்த்து, ஆள் வச்சு கட்டையால தட்டித் தட்டி இறுக்குவாங்க. 1636-ல கட்டுன திருமலை நாயக்கர் மகால் செங்கலும் சுண்ணாம்பும் தான், இன்னும் நிக்குது. எங்க கொத்தனார் அண்ணன் சொன்னாரு, "ஜல்லி நல்லாத்தான் இருக்கு, அதை உடைச்சுப் போட்டு புதுசு போட வேணாம், இடுக்கை அடைச்சா இன்னும் பல வருசத்துக்கு ஓடும்"னு. தேவையில்லாம உடைக்கச் சொல்லாத கொத்தனார் கெடைக்கிறது கொடுப்பினை, அதுக்காக ஒரு வாரம் காத்திருக்கலாம்.

இனி வீட்டுக்குள்ள நடந்த கதை. அடுப்படியைப் பூட்டியாச்சு, சமையல் பின்பக்கத் தாழ்வாரத்துக்கு மாறிருச்சு. கேஸ் அடுப்பை எடம் மாத்தும்போது தரையில வச்சுச் சமைக்காதீங்க, சிலிண்டரைவிட அடுப்பு உயரமா இருக்கணும், நாங்க பழைய மேசை மேல கடப்பாக்கல் துண்டு போட்டு வச்சோம். கேஸ் காத்தைவிட கனம், கசிஞ்சா தரையோட தான் தவழும், அதனால கீழ காத்து போற எடமா பாத்து வைக்கணும். ட்யூபுல அச்சடிச்சுருக்க தேதியையும் அந்த சாக்குல பாத்து மாத்திட்டோம். இந்த மாசத்துல பசுமலைப் பக்கம் அடிக்கிற காத்துக்கு அடுப்பு அணைஞ்சு அணைஞ்சு போகும், ஒரு பக்கம் தகரத்தை மறைப்பா வச்சதுக்கப்புறம்தான் தோசை கல்லுல சூடு நின்னுச்சு.

காலைல மகளுக்கு ஸ்கூல்லயே சாப்பாடு, அது இந்த வாரத்துல எனக்கு எவ்வளவு பெரிய ஒத்தாசைன்னு சொல்லி முடியாது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல நம்ம மதுரை சிம்மக்கல் ஆதிமூலம் மாநகராட்சி ஸ்கூல்ல தான் ஆரம்பிச்சாங்க, மறு வருசம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்துருச்சு. உப்புமா, கிச்சடி, பொங்கல்னு ஒரு நாளைக்கு ஒண்ணு. அவ போயி சூடா சாப்ட்டுக்கிறா, மகனுக்கு மட்டும் சீக்கிரமா எதையாவது செஞ்சு டப்பால போட்டா போதும். பத்தாப்புங்கிறதால மொத வாரமே ஸ்பெஷல் கிளாஸ்னு காலைல வெரசா கெளம்பிருவான்.

புத்தகம், நோட்டு எல்லாம் ஓதத்துக்கும் தூசிக்கும் ஆகாது. அட்டை போடுறதை இந்த வருசம் ஹால்ல கட்டில் மேல வச்சு முடிச்சோம், பிரவுன் ஷீட்டை அவரு வெட்டித் தர, நான் மடிக்க, அத்தை பசை தடவ, மக பேரெழுதி லேபிள் ஒட்டுனா. ஒட்டுன நோட்டை அலமாரில அடுக்கல, அந்த அலமாரி ஓதம் ஏறுன சுவத்தோட ஒட்டி இருக்கு, பசை ஈரத்துல இளகி அட்டை பூத்துரும். எல்லாத்தையும் மாமாவோட டிரங்குப் பெட்டில வச்சு ஹால்ல போட்டுட்டோம். யூனிபாரமும் அதே மாதிரி, தேச்சு பாலிதீன் கவர்ல போட்டு பீரோவுக்குள்ள. சிமெண்டுத் தூசி நீலப் பேண்டுல பட்டு அதுமேல வேர்வையும் பட்டா வெள்ளைத் திட்டு திட்டா பிடிச்சுக்கிரும், துவைச்சாலும் லேசுல போகாது. மகன் ஒரு லீவுல வளந்து நிக்கிறான், பேண்டு கரண்டைக்கு மேல ஏறிருச்சு, அதைப் பிரிச்சு எறக்கித் தைக்க குன்னத்தூர் சத்திரத்துக்குப் போனோம். புது மண்டபத்துல தூணுக்குத் தூண் மெஷினைப் போட்டு உக்காந்துருந்த தையக்காரங்க இப்ப அங்கதான் இருக்காங்க, எடம் மாறுனாலும் கை அதே கை, நின்ன எடத்துலயே முடிச்சுக் குடுத்துட்டாங்க.

காத்திருந்த நேரத்துல சாமானையும் எறக்கி வச்சோம். சிமெண்டு மூட்டையைத் தரையில போடாம பலகை மேல, சுவத்தை ஒட்டாம, மேல தார்ப்பாய் போட்டு. பூச்சுக்கு பி சாண்ட், அதாவது பூச்சுக்குன்னே நைசா அரைச்ச கல்மணல், கான்கிரீட்டுக்குப் போடுற எம் சாண்ட் வேற, மாத்தி வாங்கிறாதீங்க. கம்பி பிரஷ், துரு எடுக்குற லிக்விட், கம்பிக்கு அடிக்கிற ஜிங்க் பிரைமர், பழசும் புதுசும் ஒட்டுறதுக்கு எஸ்பிஆர் லேட்டெக்ஸ். தண்ணி விசயத்துல நான் பிடிவாதமா இருந்தேன். எங்க போர் தண்ணி உப்பு, பக்கெட்டு ஓரமெல்லாம் வெள்ளையா படியும், அந்த உப்புதான் கம்பியைத் துரு பிடிக்க வைக்கிற மொத எதிரி. துருவுக்கு வைத்தியம் பாக்க வந்துட்டு உப்புத் தண்ணில சாந்து குழைச்சா என்ன பிரயோஜனம். அதனால கார்ப்பரேஷன் தண்ணி வர்ற நாளெல்லாம் ரெண்டு டிரம்மு தனியா பிடிச்சு மூடி வச்சோம்.

விசாகத்துக்கு மறுநாள் அண்ணன் சொன்ன மாதிரி வந்து நின்னாரு, பால்குடம் எடுத்த களைப்பு மொகத்துல அப்படியே இருந்துச்சு. சீலிங்ல இருந்த சாக்பீஸ் கோட்டைப் பாத்தாரு, சுவத்துல தேதி போட்ட பென்சில் கோட்டைப் பாத்தாரு, "யாரும்மா இது?"ன்னாரு. "உங்க மருமக தான்ணே"ன்னேன். "நம்ம கூட சித்தாளா வர்றியாத்தா"ன்னு அவ கிட்ட கேட்டாரு, அவ "ஸ்கூல் இருக்கு"ன்னுட்டு ஓடிப்போயிட்டா.

மொதல்ல மாடி. அரசங்கன்னு நின்ன விரிசலை உளியால அகலப்படுத்தி வேரை எடுத்தாரு, ஒரு முழத்துக்கு மேல வந்துச்சு. மூலையை நேர்கோணமா விடாம சிமெண்டை வளைச்சு வழிச்சுப் பூசுனாரு, அப்பதான் தண்ணி மூலையில நிக்காது. தட்டோடு இடுக்கை எல்லாம் சுரண்டி ஊதி சுத்தம் பண்ணி வாட்டர்ப்ரூஃப் லிக்விட் கலந்த சாந்தைத் திணிச்சு மூடுனாரு. மாடிக்குத் தண்ணி கட்டி திரும்ப ஒருவாட்டி பாத்து, கீழ எதுவும் எறங்கலைன்னு ஆனதுக்கு அப்புறம்தான் அடுப்படிக்குள்ள சாரத்தையே கொண்டு வந்தாரு.

சீலிங்ல கம்பிக்குப் பின்னாடி விரல் போற அளவுக்கு கொத்தி எடுத்தாரு, பாதி கம்பி மட்டும் தெரிய வச்சு பிரைமர் அடிச்சா பின்பக்கத் துரு அப்படியே இருக்கும்ல. பிரஷ் போட்டு தேச்சு பளபளன்னு வந்ததும் பிரைமர். ஒரே ஒரு கம்பி ரொம்ப மெலிஞ்சு போயிருந்துச்சு, அதுக்குப் பக்கத்துல புதுக் கம்பி வச்சு ரெண்டு பக்கமும் நல்ல கம்பியோட சேர்த்துக் கட்டுனாரு. நெறைய கம்பி அப்படி மெலிஞ்சுருந்தாலோ, சிலாப்பு நடுவுல தொங்குனாலோ, பீம்ல விரிசல் இருந்தாலோ அது கொத்தனார் வேலை இல்ல, இன்ஜினியரைக் கூப்பிடணும்னு அவரே சொன்னாரு. அப்புறம் லேட்டெக்ஸ் கலந்த சிமெண்டுப் பாலை பிரஷால அடிச்சு, அது பிசுபிசுன்னு இருக்கும்போதே சாந்தை அப்பணும், காய விட்டா அதுவே ஒரு தோலா நின்னு ஒட்ட விடாது. அந்த நேரம் பாத்து டீ வந்துச்சு, அண்ணன் "வச்சுருங்கம்மா"ன்னுட்டு கையை எடுக்கவே இல்ல. ஒரே அடியா கனமா அப்பாம, ஒரு கோட்டு போட்டு அது இறுகுனதும் அடுத்த கோட்டு.

இப்ப பூசுனது பதமாகுறதுக்குக் காத்துக்கிட்டு இருக்கோம். சீலிங்குக்கு தண்ணி கட்ட முடியாதுங்கிறதால ஸ்ப்ரேயர்ல தெளிக்கிறோம், காலைல ஸ்கூலுக்குக் கெளம்புறதுக்கு முன்னாடி மகன், மத்தியானம் ரெண்டு வாட்டி நான், சாயங்காலம் மக. நம்ம வாங்குனது பிபிசி, அதாவது சாம்பல் கலந்த சிமெண்டு, இந்த வெயிலுக்கும் காத்துக்கும் 14 நாளாவது ஈரம் காயக்கூடாது, அதனால ஜன்னல்ல ஈரச் சாக்கைத் தொங்க விட்டுருக்கோம். அதுவரைக்கும் சமையல் தாழ்வாரத்துல தான். ஃபேன் மாட்டுறதுக்கு முன்னாடி ஹூக்கை எலக்ட்ரீசியன் தம்பி வந்து இழுத்துப் பாக்கணும், அடுப்படி லைட்டு ஒயரை புதுசா உருவி மாத்தணும், அதுக்கப்புறம்தான் எம்சிபில ஒட்டுன டேப்பை எடுப்போம். வெள்ளையடிக்கிறதை ஆடி மாசத்துக்குத் தள்ளிட்டோம், பூச்சு உள்ளுக்குள்ள நல்லா உலரணும், ஆடில அண்ணனுக்கும் வேலை கம்மியா இருக்கும், ஆற அமர வந்து பாக்குறேன்னுருக்காரு.